293318625600

இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியைத் தாண்டும் முழு எண். சீனிவாச ராமானுஜனின் பட்டியலில் விட்டுப்போனது என்பதால் பெயர்பெற்றது.

இது ஓர் உயர் பகு எண். அதாவது, இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையாது. சிறிய உதாரணம் 12: அதற்கு ஆறு வகுஎண்கள், அதற்குக் கீழே எதற்கும் நான்குக்கு மேல் இல்லை.

பகாக் காரணிகள்: 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் (7×5×3×3×2×2×2×2) வகுஎண்கள் 5040. 1 முதல் 22 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 23இல்தான் முதல் தடை. வரிசையில் இதற்கு முந்தியது 240940299600 (4800 வகுஎண்கள்), அடுத்தது 321253732800 (5376).

1914 மார்ச்சில் சென்னையிலிருந்து கப்பலேறிய ராமானுஜன், மறு ஆண்டே லண்டன் கணிதக் கழக இதழில் உயர் பகு எண்கள் பற்றிய நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அதிலுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் கையால் கணக்கிட்டவை. பட்டியலின் கடைசி எண் 6746328388800. அது இந்த எண்ணின் சரியாக 23 மடங்கு! பேரனைப் பிடித்தவர் தாத்தாவைத் தவறவிட்டார். கால்குலேட்டர் இல்லாத காலத்தில் இது குறையே அல்ல.

கழகத்தின் பணமுடையால் அச்சேறாத எஞ்சிய பகுதி, 1997இல் ‘ராமானுஜன் ஜர்னல்’ முதல் தொகுதியில் வந்தது.