மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்: காவிரிப் படுகையின் சிறுவர் கத்திகள்

மடக்கெழுத்தாணி என்பது பனையோலையில் எழுதும் எழுத்தாணியையும் ஓலையை நறுக்கும் சிறு கத்தியையும் ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைத்துக்கொள்ளும்படி அமைந்த கருவி. அச்சும் காகிதமும் பரவுவதற்கு முன், தஞ்சாவூர்ச் சீமையில் படித்தவர்களின் இடுப்பு மடிப்பில் இருந்த மடக்குக்கத்தி இதுதான். 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தைப் பேனாக்கத்தி பிடித்தது. இரண்டும் எழுதுவதற்குத் துணையாகத் தோன்றியவை. படிக்கப் போன பிள்ளைக்குக் கத்தி எழுத்தோடு சேர்ந்து அறிமுகமானது. படிப்பு எட்டாத பிள்ளைக்கு அதே வயதில் வேறொரு கத்தி கொடுக்கப்பட்டது. சிறுவயதுக் கத்தியைப் பற்றிப் பெரியவர்கள் பேசும்போது எழும் ஏக்கத்தைப் புரிந்துகொள்ள இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எழுத்தோடு வந்த கத்தி

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினான். கை பழகிய பிறகு ஓலை வந்தது. ஆசிரியர் ஓலையில் எழுத்துகளைக் கீறிக் கொடுப்பார். மாணவன் அந்தக் கோடுகளின் மேலேயே எழுத்தாணியை ஓட்டிப் பழகுவான். கீறிய எழுத்து கண்ணுக்குத் தெரிவதற்காக விளக்குக் கரி, மஞ்சள், கோவையிலைச் சாறு, ஊமத்தையிலைச் சாறு போன்றவற்றைத் தடவுவார்கள்.

எழுத்தாணியில் மூன்று வகைகள் பரவலாக அறியப்பட்டவை. குண்டெழுத்தாணி குட்டையானது, தலையில் கனமான கொண்டை இருக்கும். வாரெழுத்தாணி அதைவிட நீளமானது. கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் சிறு கத்தி அமைந்திருக்கும். மூன்றாவது மடக்கெழுத்தாணி. மரம், மாட்டுக்கொம்பு, தந்தம் ஆகியவற்றில் ஒன்றால் கைப்பிடி செய்து, ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் கத்தியும் மடங்கி உள்ளே அடங்கும்படி செய்தார்கள்.

எழுத்தாணிக்குக் கத்தி ஏன் தேவைப்பட்டது? ஓலை அப்படியே எழுதக் கிடைப்பதில்லை. நடு ஈர்க்கை நீக்க வேண்டும். ஓரங்களை ஒரே அளவாக நறுக்க வேண்டும். இதற்கு ஓலை வாருதல் என்று பெயர். வாரிய ஓலையைப் பதப்படுத்தி, துளையிட்டு, கயிறு கோத்தால்தான் அது சுவடியாகும். படிக்கிறவன் ஓலை வாரவும் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய மாணவனுக்கு நோட்டுப் புத்தகம் கடையில் கிடைக்கிறது. அன்றைய மாணவன் தன் நோட்டுப் புத்தகத்தைத் தானே வெட்டிச் செய்துகொண்டான் என்று சொல்லலாம்.

எழுதும் முறையிலும் கத்திக்குப் பங்கு இருந்தது. ஓலையை இடக்கையில் பிடித்து, எழுத்தாணியின் கூரை இடக்கைப் பெருவிரல் நகத்தின் மேல் பதிய வைத்து எழுதுவார்கள். கைதேர்ந்தவர்கள் அந்த நகத்தை வளர்த்து, எழுத்தாணி வழுக்காமலிருக்க அதில் சிறு பள்ளம் வெட்டிக்கொள்வதுண்டு.

நவராத்திரியின் ஒன்பதாம் நாள் பூஜையில் புத்தகங்களையும் தொழிற்கருவிகளையும் வைப்பது வழக்கம். அன்று அவற்றைத் தொடாமல், மறுநாள் விஜயதசமியன்று எடுத்துப் படிக்கவும் பயன்படுத்தவும் தொடங்குவார்கள். சரஸ்வதி பூஜைக்குரிய சுவடியோடும் சேர்த்து வைக்கலாம், ஆயுத பூஜைக்குரிய கருவிகளோடும் சேர்த்து வைக்கலாம் என்ற நிலையில் இருந்தது மடக்கெழுத்தாணி.

தஞ்சாவூரில் மூன்று எழுதுகருவிகள்

தஞ்சாவூர் நகரம் வெவ்வேறு எழுத்து மரபுகள் ஒன்றாக வாழ்ந்த இடம். கோயில், மடம், வீடு ஆகிய இடங்களில் ஓலையும் எழுத்தாணியும் இருந்தன. 1676 முதல் 1855 வரை ஆண்ட மராத்திய அரசர்களின் அலுவலகங்களில் காகிதத்தில் மோடி எழுத்தில் கணக்குகள் எழுதப்பட்டன. அந்த மோடி ஆவணங்களைச் சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் காணலாம். மோடி எழுத்துக்குரியது நாணல் பேனா. அதன் முனையும் தேயும். தேய்ந்தால் சீவ வேண்டும். பாரசீக மொழியில் பேனா சீவும் கத்திக்குக் கலம்தராஷ் என்று தனிப்பெயரே உண்டு.

மூன்றாவதாக வந்தது ஐரோப்பியரின் இறகுப் பேனா. மதபோதகர் சுவார்ட்ஸ் 1798இல் மறையும் வரை தஞ்சாவூரில் பணியாற்றி ஆங்கிலக் கல்விக்கு அடியிட்டார். அவரிடம் பயின்ற இரண்டாம் சரபோஜி 1798 முதல் 1832 வரை அரசராக இருந்தார். இறகுப் பேனாவின் முனையைச் சாய்வாக வெட்டி, நடுவில் பிளந்து, மழுங்கும்போதெல்லாம் மறுபடி சீவ வேண்டும். அதற்கென்று செய்த சிறு கத்திக்கு ஆங்கிலத்தில் பேனாவின் பெயரே அமைந்தது. தமிழில் அது பேனாக்கத்தி ஆயிற்று. பேனா என்னும் சொல்லும் இறகைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. காவிரிப் படுகையின் கரையிலுள்ள நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர் கைக்கு மாறும் வரை போர்த்துக்கேயரிடம் இருந்தது.

ஓலைக்கும் நாணலுக்கும் இறகுக்கும் ஆளுக்கொரு கத்தி வேண்டியிருந்தது. எழுதத் தெரிந்தவன் கையில் கத்தி இருப்பது தஞ்சாவூரில் யாருக்கும் வியப்பாக இருந்திருக்காது.

பேனாக்கத்தி: பெயரும் பயனும்

1820களிலிருந்து இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் எஃகு நிப்புகள் பெருமளவில் உற்பத்தியாயின. சீவத் தேவையில்லாத நிப்பு வந்ததும் இறகுப் பேனா மறைந்தது. பேனாக்கத்தி மறையவில்லை. பென்சில் சீவும் வேலை அதற்குக் கிடைத்தது. பென்சில் சீவியும் அரை பிளேடும் வந்து அந்த வேலையையும் பறித்துக்கொண்ட பிறகு, பேனாவோடு எந்தத் தொடர்பும் இல்லாமலே அது பேனாக்கத்தியாக நீடித்தது.

பள்ளி நேரத்துக்கு வெளியே அதற்கு வேலை நிறைய இருந்தது. கிட்டிப்புள்ளுக்கு இரு முனையும் கூராகச் சீவுவது, உண்டிவில்லுக்குக் கவட்டைக் குச்சியைச் சமன்செய்வது, தூண்டிலுக்கு மூங்கில் நறுக்குவது, வெறும் நுங்கு மட்டைகளில் துளையிட்டு நுங்கு வண்டி செய்வது, மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவுவது என்று பட்டியல் நீளும். ஆடிப்பெருக்கன்று படுகையின் ஊர்களில் சிறுவர்கள் சிறு சப்பரங்களை ஆற்றங்கரைக்கு இழுத்துச் செல்வார்கள். சப்பரத்தை வீட்டிலேயே செய்கிறவர்களுக்கு மூங்கில் சிம்பு சீவவும் வண்ணக் காகிதம் வெட்டவும் இந்தக் கத்தியே போதும்.

திருவிழாக் கடையில் வாங்கிய கத்தி சீக்கிரம் மழுங்கும். தெருவில் சக்கரத்தோடு வரும் சாணை பிடிப்பவரிடம் வீட்டு அரிவாள்மணையோடு அதையும் நீட்டுவார்கள். கத்தியோடு சில ஒழுக்கங்களும் வந்தன. பிறரிடம் கொடுக்கும்போது பிடிப் பக்கத்தை நீட்ட வேண்டும். மடக்கும்போது விரலை உள்ளே வைக்கக் கூடாது. திறந்த கத்தியோடு ஓடக் கூடாது. சில வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்கவே மாட்டார்கள். கீழே வைத்தால்தான் மற்றவர் எடுத்துக்கொள்வார்.

ஒரே வயது, இரண்டு கத்திகள்

மேலே சொன்னது எல்லாப் பிள்ளைகளின் கதையும் அல்ல. திண்ணைப் பள்ளியில் ஓலை பிடித்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். அவர்களிலும் நிலமும் சாதி மதிப்பும் உள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நெல் விளைந்த நிலத்தின் பெரும்பகுதி மிராசுதார்களிடமும் கோயில்களிடமும் மடங்களிடமும் இருந்தது. வயலில் வேலை செய்த பண்ணையாள் குடும்பங்கள், குறிப்பாகத் தலித் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்தன. அந்த வீட்டுப் பிள்ளைகள் மாடு மேய்த்தார்கள், கதிர் பொறுக்கினார்கள், கொஞ்சம் வளர்ந்ததும் அறுவடைக்கு இறங்கினார்கள்.

அவர்கள் கைக்கு வந்தது கருக்கரிவாள். வளைந்த அலகின் உள்விளிம்பில் நுண்ணிய பற்கள் கொண்ட அரிவாள் இது. பற்களுக்குக் கருக்கு என்று பெயர். ஒரு கையில் நெற்றாளைப் பிடித்து, மறுகையால் அரிவாளைத் தன் பக்கமாக இழுத்தால் தாள் அறுபடும். உள்ளூர்க் கொல்லன் பட்டறையில் அடித்த இது உழைப்புக்கான கருவி. விளையாட்டுக்கு எடுக்கப் பெரும்பாலும் நேரம் இருந்ததில்லை. பெண்பிள்ளைகளுக்கு முதலில் பழக்கமான கூர்மை அடுக்களையின் அரிவாள்மணை.

பண்ணையாட்களின் நிலையை மாற்றும் முயற்சியாக 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர் மற்றும் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மாநிலத்தின் ஒரு மாவட்டத்துக்கென்று தனிச் சட்டம் தேவைப்பட்டது என்பதே அங்கிருந்த நிலையைக் காட்டும். பின்னர் இலவசக் கல்வியும் மதிய உணவும் பரவ, அரிவாள் பிடித்தவர்களின் பிள்ளைகள் பென்சில் பிடித்தார்கள். பல குடும்பங்களில் தாத்தாவுக்குக் கருக்கரிவாளும் பேரனுக்குப் பென்சில் சீவியும் முதல் கருவிகளாக அமைந்தன.

நினைவில் கத்தி

கடந்ததை எண்ணி ஏங்கும் உணர்வுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் நாஸ்டால்ஜியா என்னும் சொல்லை 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் தம் ஆய்வேட்டில் உருவாக்கினார். சொந்த ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் நோயாக அதை அவர் கருதினார். உலகப் புகழ்பெற்ற மடக்குக்கத்தியும் அதே நாட்டிலிருந்து வந்தது. கார்ல் எல்சனர் 1891இல் சுவிஸ் படைக்குக் கத்தி செய்து கொடுக்கத் தொடங்கினார். இன்று நாஸ்டால்ஜியாவை நோயாக யாரும் எண்ணுவதில்லை. இளமைக் கால நிகழ்வுகள் முதுமையில் மற்றக் காலத்தவற்றைவிட அதிகமாக நினைவுக்கு வருவதை உளவியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

தமிழில் இத்தகைய நினைவுகளுக்குச் சிறந்த சான்று உ.வே.சாமிநாதையர் (1855–1942). பாபநாசம் அருகிலுள்ள உத்தமதானபுரம் அவரது சொந்த ஊர். தஞ்சாவூர் மராத்திய அரசு முடிவுக்கு வந்த ஆண்டில் பிறந்தவர். ஓலையில் படித்து வளர்ந்தவர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றபோது, ஆசிரியர் வாயால் பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் எழுத்தாணியால் ஓலையில் எழுதினார்கள். பின்னர் சீவக சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894) ஆகியவற்றைச் சுவடியிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். எழுத்தாணியின் காலத்தை முடித்துவைத்த மாற்றத்தில் அவருக்கும் பங்குண்டு. 1940இல் ஆனந்த விகடனில் ‘என் சரித்திரம்’ தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு வயது 85ஐ நெருங்கியிருந்தது. அவருடைய நினைவு எழுத்துகள் பழைய பள்ளியையும் சுவடியையும் எழுத்தாணியையும் அவற்றைத் தொட்டுப் பார்த்திராத வாசகர்களுக்கு விளக்கின.

சிறுவயதுக் கத்தி ஏன் இவ்வளவு அழுத்தமாக நினைவில் நிற்கிறது? அது கையின் நினைவு என்பது ஒரு காரணம். அலகு மடங்கும்போது எழும் ஓசை, துருவின் வாடை, ஆள்காட்டி விரலில் நின்றுவிட்ட தழும்பு ஆகியவை சொற்களின் உதவியின்றியே பழைய நாளைக் கொண்டுவருகின்றன. மற்றொரு காரணம் நம்பிக்கை. ‘தொடாதே’ என்று சொல்லி வந்த பெரியவர்கள் ஒருநாள் ‘பார்த்து வெட்டு’ என்று கையில் கொடுத்தார்கள். பலர் ஏங்குவது அந்த நாளுக்காகத்தான். கருக்கரிவாள் பிடித்த பிள்ளைக்கு அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. அவன் கைக்குக் கூர்மை வந்தது வீட்டின் தேவையால். ஆனாலும் அறுவடைக் காலத்தின் வைக்கோல் மணத்தையும் அரிவாள் ஓசையையும் நினைத்து உருகும் முதியவர்கள் உண்டு. அந்த நினைவில் பெருமையும் வலியும் சேர்ந்தே இருக்கும். ஏக்கத்தைக் கேட்கிறவர் இரண்டையும் கேட்க வேண்டும்.

இன்று

இந்தத் தலைமுறைப் பிள்ளையின் பையில் கத்தி இல்லை. பள்ளிகள் அனுமதிப்பதில்லை; விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக முடியாது. சட்டப்படி சிறு பேனாக்கத்தி ஆயுதமாகக் கருதப்படுவதில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழான விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளையே ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் செய்யப்பட்டவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. திரைப்படங்களில் வில்லனின் கையில் விரியும் பட்டன் கத்தி மடக்குக்கத்தியின் பெயரைக் கெடுத்ததும் உண்மை. வயலில் அறுவடை இயந்திரம் ஓடுகிறது. கருக்கரிவாள் இயந்திரம் போக முடியாத மூலைகளுக்கு மட்டும் இறங்குகிறது.

படுகையின் பழைய வீடுகளில் பரண்மேல், சுவடிக் கட்டுகளுக்கு இடையில், மடக்கெழுத்தாணி கிடைக்கக்கூடும். துருப்பிடித்த ஆணி என்று எண்ணித் தூக்கி எறிந்துவிட வேண்டாம். உப்புத்தாளால் தேய்க்காமல், தண்ணீரில் ஊறவைக்காமல், உலர்ந்த துணியால் துடைத்து இரும்புப் பகுதியில் மெல்லியதாக மெஷின் எண்ணெய் பூசி வைத்தால் போதும். துருவால் இறுகியிருந்தால் வலிந்து திறக்கக் கூடாது. பிடி தந்தமாக இருந்தால் அதை விற்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றமாகும்.

யாருடையது, எந்த ஊர், எதற்குப் பயன்பட்டது என்று ஒரு தாளில் எழுதி அதனுடன் வைப்பது நல்லது. தேய்ந்துபோன கருக்கரிவாளுக்கும் அப்படியொரு தாள் எழுதி வைக்கலாம். எழுத்தாணி பிடித்தவர்கள் தங்கள் நினைவுகளைத் தாங்களே எழுதிவைத்தார்கள். அரிவாள் பிடித்தவர்களின் நினைவுகளில் பெரும்பகுதி இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. அவற்றைச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.