சாத்தூருக்கு வீடு மாறலாமா? 200 வருஷப் பழைய கேள்வி

இந்த வாரம் ஒரு நேயரோட கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்காங்க. கணவருக்கு சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைச்சிருக்கு. இவங்களுக்கு வீட்டிலிருந்தே வேலை. அதனால சாத்தூர்ல வாடகை வீடு பார்க்கிறாங்க. ஒரு எக்செல் ஷீட்ல மூணு கட்டம் போட்டிருக்காங்க: பாதுகாப்பு, வெயில், செலவு. "செலவுல சாத்தூர் ஜெயிக்குது, வெயில்ல தோக்குது. பாதுகாப்புல என்ன மார்க் போடுறதுன்னே தெரியல அண்ணா, பட்டாசு ஊர் பக்கமாச்சே"ன்னு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க.

நான் ரியல் எஸ்டேட் ஆள் இல்லை. ஆனா இந்த மூணு கட்டத்தையும் இவங்களுக்கு முன்னாடியே போட்டுப் பார்த்துதான் சாத்தூருக்கு ஒரு கூட்டம் குடிவந்தது. அந்தக் கதையைச் சொல்றேன். கணக்கை எப்படிப் போடணும்னு அதுல இருந்து கொஞ்சம் தெரியும்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துக்குப் போவோம். திருநெல்வேலிச் சீமையின் தென்கிழக்கில், தேரி மணலில் பனை ஏறிப் பிழைத்த நாடார் சமூகத்தில் ஒரு பகுதியினர் வியாபாரத்துக்கு வந்தாங்க. கருப்பட்டி, கருவாடு, உப்பு எல்லாம் மாட்டு வண்டியில் வடக்கே போகும். 1799-ல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-ல் பாளையக்காரர் போர்கள் முடிந்தன. அதன் பிறகு வடக்கே போகும் பாதைகள் மெல்லத் திறந்தன. ஆனாலும் வழிப்பறி பயம் போகவில்லை. ராத்திரியில் வண்டியை எங்கே அவிழ்த்துப் போடுவது? சரக்கை யார் காவல் காப்பது?

அதற்கு அவங்க கண்ட வழிதான் பேட்டை. சுற்றுச்சுவர் வைத்த ஒரு பெரிய வளாகம். உள்ளே வண்டி நிறுத்த இடம், மாட்டுக்குத் தண்ணீர், சரக்கு வைக்க இடம், ஆட்கள் தூங்க இடம். நாளடைவில் பேட்டையைச் சுற்றிக் கடைகள் வந்தன, வீடுகள் வந்தன, ஊர் வளர்ந்தது. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தூர், பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை. ராமநாதபுரத்தின் ஆறு ஊர்கள்னு வரலாற்று நூல்களில் இவற்றைச் சேர்த்தே சொல்வாங்க.

பேட்டைக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மகமை. வாங்குற விற்குற ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு சின்னத் தொகை பொது நிதிக்குப் போயிடும். அந்த நிதியில் கிணறு, கோயில், சத்திரம், பின்னாடி பள்ளிக்கூடம். விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலைக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்தாங்க. அந்தப் பள்ளியில்தான் காமராஜர் படித்தார். 1957-லும் 1962-லும் அவர் சட்டமன்றத்துக்குப் போனது சாத்தூர் தொகுதியிலிருந்து.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்துறேன். பாதுகாப்பான ஊரை இவங்க தேடிக் கண்டுபிடிக்கலை. பாதுகாப்பை விலை கொடுத்து, சேர்ந்து கட்டினாங்க. அதாவது அவங்க ஷீட்டில் பாதுகாப்புங்கிறது செலவுக் கட்டத்துக்குள்ளேயே இருந்தது.

அந்தச் சுவருக்கு ஒரு எல்லையும் இருந்தது. வியாபாரத்தில் வசதி வந்த பிறகு, கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டாங்க. மற்ற சாதிகளோடு மோதல் முற்றியது. 1899 ஜூன் 6-ஆம் தேதி சிவகாசி பெரும் கூட்டத்தால் தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சரக்கைச் சுவர் காப்பாற்றும். பக்கத்து ஊர்க்காரன் உங்களைச் சமமா நினைக்கிறானாங்கிறதைச் சுவர் காப்பாற்றாது. இன்னைக்கும் வீடு தேடும்போது "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு வீட்டுக்காரர் கேட்கிற ஊர்கள் இருக்கு. அதுவும் பாதுகாப்புக் கட்டத்தில் வரணும்.

இப்போ இரண்டாவது கட்டம், வெயில்.

சாத்தூர் கரிசல் பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. விருதுநகர் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சென்னையில் 1,400-ஐ ஒட்டிப் பெய்யும். வைப்பாறு ஊரை ஒட்டித்தான் போகுது, ஆனா வருஷத்தில் பல மாசம் மணல்தான் தெரியும். கரிசலில் பருத்தி விளையும், கம்பு சோளம் விளையும். மழை தப்பினா அதுவும் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தையும் விட்டுவைக்கலை.

1920-களில் இதே வறட்சி ஒரு சாதகமா மாறுது. 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி கடுமையா உயர்ந்தது. உள்நாட்டில் செய்தால் லாபம் என்ற நிலை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுக்கொண்டு திரும்பினாங்க. அணில், காக்கா மார்க் தீப்பெட்டிகள் அவங்க வழியில் வந்தவைதான். குச்சி காயணும், மருந்து காயணும், லேபிள் காயணும். காய வைக்க வெயில் இலவசம். பயிர் பொய்த்துப்போன வீட்டில் கூலிக்கு வர ஆளும் உண்டு. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசு, லேபிளுக்காக வந்த அச்சுத்தொழில், எல்லாம் சிவகாசியைச் சுற்றி வளர்ந்தது. சாத்தூர் வட்டாரத்துக்கும் பரவியது.

விவசாயியின் ஷீட்டில் மைனஸ் மார்க் வாங்கிய அதே வெயில், முதலாளியின் ஷீட்டில் பிளஸ் ஆயிடுச்சு. கூலி குறைவுங்கிறதும் அப்படித்தான். ஒருத்தருக்குச் 'செலவு கம்மி'ன்னா, இன்னொருத்தருக்கு 'வரவு கம்மி'. தீப்பெட்டி ஆலைகளுக்குப் பல வருஷம் சின்னப் பிள்ளைங்க வேலைக்குப் போனாங்க. விடியறதுக்கு முன்னாடி கிராமத்துக்கு வந்து ஏத்திக்கிட்டுப் போகும் பஸ்களைப் பற்றி அந்தப் பக்கத்துப் பெரியவங்ககிட்ட இன்னைக்கும் கேட்கலாம். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996-ல் சிவகாசியை வைத்து உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இவற்றுக்குப் பிறகுதான் அது படிப்படியாகக் குறைந்தது.

அடுத்து, நேயர் பயப்படுற விஷயத்துக்கு வர்றேன்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி பக்கத்தில் முதலிப்பட்டி. ஒரு பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. 2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கத்தில் அச்சங்குளம். இருபது பேராவது பலியானாங்க. பட்டாசு ஆலைகளுக்கு விதிகள் இல்லாமல் இல்லை. அறைகள் தள்ளித் தள்ளி இருக்கணும், ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, மருந்து அளவாத்தான் இருக்கணும். உரிமம் ஒருத்தர் பேரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, ஆளையும் மருந்தையும் கூட்டும்போதுதான் விபத்து பெரிசாகுது. வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. உராய்வும் சூடும் சேரக்கூடாது. மழைநாள்னா பயமில்லைன்னும் கிடையாது. ஈரம் பட்ட அலுமினியப் பொடி தானாகவே சூடாகும்.

இந்த விபத்துகளில் இறந்தவங்க யார்னு பாருங்க. பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து தினக்கூலிக்கு வந்தவங்க. பெண்கள் நிறையப் பேர். ஆலைகள் ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கு. சாத்தூர் டவுனில் வாடகைக்கு இருந்துகொண்டு லேப்டாப்பில் வேலை பார்க்கிறவங்களுக்கு அந்த ஆபத்து ரொம்பக் குறைவு. ஊர் ஒண்ணு, ஆனா பாதுகாப்பு மார்க் எல்லாருக்கும் ஒண்ணு இல்லை.

அதனால அந்தத் தங்கச்சிக்கு என் பதில் இதுதான்மா. போகலாம். ஆனா ஷீட்டைக் கொஞ்சம் மாத்து.

பாதுகாப்புக்கு மொத்தமா ஒரு மார்க் போடாதே. பார்க்கிற வீட்டுக்குப் பக்கத்தில் பட்டாசு குடோனோ கடையோ இருக்கா? வீட்டுக்குள்ளேயே திருட்டுத்தனமா திரி சுத்துற, பட்டாசு ஒட்டுற தெருவா? இதை வீட்டு புரோக்கர்கிட்ட கேட்காதே, தெருமுனை டீக்கடையில் கேளு. கணவர் தினமும் சிவகாசி போய் வர இருபது கிலோமீட்டர் சொச்சம். ராத்திரி ஷிஃப்ட் இருந்தா அந்தப் பயணம்தான் உங்க வீட்டுக்கு நிஜமான ஆபத்து.

வெயில் கட்டத்தில் தண்ணீரையும் சேர்த்துக்கோ. எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாய்த் தண்ணி, போர் தண்ணி உப்பா, மாடி வீடா கீழ் வீடா. சித்திரையில் ஒரு மத்தியானம் போய் அந்த வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து பார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் இந்த ஊருக்குத் தாமிரபரணித் தண்ணீர் வருது. 200 வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வண்டி கட்டி வந்தாங்க, இப்போ ஆறே குழாய் வழியா வருது.

செலவுக் கட்டத்தில் வாடகையோட இன்வெர்ட்டர், தண்ணி லாரி, நல்ல ஆஸ்பத்திரிக்கு மதுரை போய் வர்ற காசு எல்லாத்தையும் எழுது. நாலுவழிச் சாலை ஊரை ஒட்டியே போகுது, ரயில் நிலையமும் இருக்கு. அது பெரிய ஆறுதல்.

கடைசியா ஒரு நாலாவது கட்டம். அதுக்கு 'மகமை'ன்னு பேர் வை. குடியேறின ஊரில் பொதுவுக்கு நாம என்ன போடப்போறோம்? வீட்டு வேலைக்கு வர்ற அக்காவுக்கு மெட்ராஸ் கூலியா, 'இந்த ஊர் ரேட்'டா? பக்கத்து வீட்டுப் பொண்ணு பட்டாசு ஆலைக்குப் போறதுக்குப் பதிலா காலேஜ் போக ஒரு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பியா? பேட்டை கட்டினவங்க இந்தக் கட்டத்தைக் காலியா விடலை. ஆனா தங்கள் ஆட்களுக்குள்ளேயே நிறுத்திக்கிட்டாங்க. நீ கொஞ்சம் தாண்டிப் போகலாம்.

போனதும் ஒரு மெசேஜ் போடும்மா. சாத்தூர்னா சேவு. கால் கிலோ பார்சல் அனுப்பினா இந்த எபிசோடுக்குக் கணக்கு நேர்.

அடுத்த வாரம் சந்திப்போம்.