அம்மை: சாமி கொடுத்ததா, சாமி கைவிட்டதா?

வெயில் காலத்துல ஒரு டியூட்டி. இருபது வயசுப் பொண்ணு, உடம்பெல்லாம் சின்னம்மை, மூச்சு வாங்குது. கொப்பளம் போட்டு அஞ்சு நாள் ஆச்சு. ஏம்மா இவ்ளோ லேட்டுன்னு கேட்டேன். "ஆத்தா வந்திருக்கா டாக்டர், ஊசி போட்டா கோவிச்சுக்குவா." கொஞ்ச நேரம் கழிச்சு அந்தம்மாவே மெதுவா, "நான் என்ன தப்பு பண்ணேன்?"

அந்த ரெண்டாவது கேள்விக்காகத்தான் இந்த த்ரெட்.

1755-ல லிஸ்பன் பூகம்பம். புனிதர் எல்லார் திருநாள் அன்னிக்கு, சர்ச்சுல கூட்டம் இருக்கும்போதே ஊர் இடிஞ்சு விழுந்துச்சு. கடவுள் செஞ்சாரா, சும்மா பாத்துட்டு இருந்தாரான்னு வால்டேர் உட்பட ஐரோப்பாவே சண்டை போட்டுச்சு.

நம்ம ஊர்ல அந்தச் சண்டைக்கே இடமில்ல. நோயோட பேரே அம்மை. கொப்பளம் அவ போட்ட முத்து. அவளே வருவா, அவளே இறங்குவா. பெரியம்மை வந்தா பத்துல மூணு பேர் சாவாங்க, பொழைச்சவங்கள்ல சிலருக்குக் கண் போயிடும். மருந்து கிடையாது. வீட்டு வாசல்ல வேப்பிலை, வெளியாள் உள்ள வரக்கூடாது. (இதைக் கிண்டல் பண்ற டாக்டர்களோட எனக்கு ஒத்துப்போகாது. இதுக்குப் பேர்தான் தனிமைப்படுத்தல்.)

ஜென்னர் தடுப்பூசி கண்டுபிடிச்சது 1796. இந்தியாவுக்கு வந்தது 1802. மாட்டம்மையிலிருந்து எடுத்ததை உடம்புல ஏத்துறதான்னு ஜனங்க பயந்தாங்க. மெட்ராஸ் கலெக்டர் எல்லிஸ் என்ன பண்ணார் தெரியுமா? ஆமா, திருக்குறளுக்கு உரை எழுதின அதே எல்லிஸ். சக்தியும் தன்வந்திரியும் பேசிக்கிற மாதிரி, பழைய கதை பாணியில தமிழ்ல ஒண்ணு எழுதினார். இது பசு தந்த கொடைன்னு சாமி வாயாலயே சொல்ல வெச்சார். ஒரு வகையில பித்தலாட்டம்தான். ஆனா சாமியை எதிர்த்து ஊசி போட முடியாதுன்னு அவருக்குப் புரிஞ்சிருந்தது.

1899-ல நம்ம கிண்டியிலயே கிங் இன்ஸ்டிட்யூட் வந்துச்சு. ஆரம்ப வேலையே அம்மைத் தடுப்பு மருந்து, கன்னுக்குட்டியிலிருந்து. இந்தியாவோட கடைசி பெரியம்மை கேஸ் 1975. உலகத்துலயே ஒழிஞ்சதுன்னு அறிவிச்சது 1980. அதுக்காக மாரியம்மன் கோயில் எதையும் யாரும் மூடல. கோடம்பாக்கத்துல இன்னும் ஆடி மாசம் கூழ் ஊத்துறாங்க, நானும் வாங்கிக் குடிக்கிறேன்.

அந்தம்மாகிட்ட, "நீங்க ஒரு தப்பும் பண்ணல, இது காத்துல பரவுற வைரஸ்"னு சொன்னேன். "அப்போ இவளை மட்டும் ஏன் தேடி வந்துச்சு?"ன்னாங்க. என்கிட்ட பதில் இல்ல. ஆக்சிஜன் வெச்சோம், அசைக்ளோவிர் போட்டோம். தலையணைக்கு அடியில வேப்பிலை இருந்துச்சு. சிஸ்டர் எடுக்கப் போனாங்க, இருக்கட்டும்னு சொல்லிட்டேன். பதினோராம் நாள் பொண்ணு நடந்து வீட்டுக்குப் போச்சு. தலைக்குத் தண்ணி எப்போ ஊத்தலாம்னு என்னைத்தான் கேட்டாங்க.

பெரியவங்களுக்கு, முக்கியமா கர்ப்பிணிகளுக்கு, சின்னம்மை வந்தா மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் காத்திருக்காதீங்க. கொப்பளம் தெரிஞ்ச 24 மணி நேரத்துக்குள்ள வந்தாதான் மருந்து நல்லா வேலை செய்யும். மூச்சு வாங்கினா உடனே வாங்க. வேப்பிலையோடயே வாங்க.