மாற்று ராக் இசை: தென் தமிழ்நாட்டில்

மாற்று ராக் என்பது 1980களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் சிறு பதிவு நிறுவனங்களையும் கல்லூரி வானொலிகளையும் நம்பி வளர்ந்து, 1991க்குப் பின் சில ஆண்டுகள் உலகச் சந்தையையே பிடித்துக்கொண்ட ராக் இசை வகை. மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் இதை வாசித்தவர்கள் குறைவு, கேட்டவர்களே மிகுதி. ஆகவே இசைக்குழுக்களைவிட கேசட்டும் டிஷ் ஆன்டெனாவும் சினிமாப் பாட்டும் இங்கு இதன் வரலாற்றில் பெரிய இடம் பெறுகின்றன.

முன்வரலாறு

மேற்கத்திய இசைக்கருவிகள் இப்பகுதிக்கு மிஷனரிகளோடு வந்தன. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் தொடங்கியது. அமெரிக்க மிஷனரிகள் தம் பிள்ளைகளுக்காக 1901இல் கொடைக்கானலில் திறந்த ஹைகிளெர்க் பள்ளியே இன்றைய கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. தேவாலயப் பாடகர் குழுவில் கிடார் பிடிக்கக் கற்றவர்கள் வாரநாட்களில் மெல்லிசைக் குழுக்களிலும் வாசித்தனர்.

1970, 1971 ஆண்டுகளில் ஒரு சிகரெட் நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சிம்லா பீட் போட்டிகள் இந்திய ராக் குழுக்களை இசைத்தட்டில் ஏற்றின. ஆங்கிலப் பாட்டு கேட்க விரும்பியவர்களுக்கு இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவை இருந்தது.

அப்போதைய மதுரை மாவட்டத்துப் பண்ணைப்புரத்திலிருந்து 1968இல் சென்னை சென்ற இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிடார், அதன்பின் தமிழ்நாட்டில் கிடார் கற்கும் எவரும் தாண்டியே ஆகவேண்டிய தேர்வாகிவிட்டது. மாற்று ராக் வந்தபோது இங்குள்ள கிடார்க் காது இந்த இழைவான, தெளிவான ஒலிக்குப் பழகியிருந்தது.

1991–1996

1991 செப்டம்பர் 15 அன்று ஆசியாசாட் செயற்கைக்கோள் வழியே ஸ்டார் டிவி தொகுப்பில் எம்டிவி ஆசியா தொடங்கியது. ஒன்பது நாள் கழித்து, செப்டம்பர் 24 அன்று, சியாட்டில் வட்டாரத்தைச் சேர்ந்த நிர்வாணா குழுவின் ‘நெவர்மைண்ட்’ வெளியாயிற்று. 1992 ஜனவரியில் அது மைக்கேல் ஜாக்சனின் ‘டேஞ்சரஸ்’ ஆல்பத்தை அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்திலிருந்து இறக்கியது. பேர்ல் ஜாம் குழுவின் ‘டென்’ (1991), ஆலிஸ் இன் செயின்ஸின் ‘டர்ட்’ (1992), சவுண்ட்கார்டனின் ‘சூப்பர்அன்னோன்’ (1994) ஆகியவற்றையும் சேர்த்து இவ்வலை கிரஞ்ச் எனப்பட்டது. இப்பெயரை முதலில் வைத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இசைக்கலைஞர் மார்க் ஆர்ம் 1981இல் தன் குழுவைத் தானே ஏளனம் செய்து ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைச் சிலர் காட்டுவர். சப் பாப் பதிவு நிறுவனம் 1987இல் ஓர் இசைத்தட்டுக்கு எழுதிய விளம்பர வரியிலிருந்தே அது பரவியது என்பர் வேறு சிலர்.

தென் மாவட்டங்களில் அதுவரை தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன். உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி பூஸ்டர் வைத்தவர்களுக்கு இலங்கையின் ரூபவாஹினியும் கிடைத்தது. தெருவுக்குத் தெரு கேபிள்காரர்கள் மொட்டைமாடி வழியே கறுப்பு வயர் இழுத்தபோது, கேட்காமலே வீட்டுக்குள் வந்த சேனல்களில் எம்டிவியும் ஒன்று. 1993 ஏப்ரலில் சன் டிவி வந்ததும் பெரும்பாலான வீடுகள் அங்கே போய்விட்டன. 1994இல் ஸ்டாரிலிருந்து எம்டிவி விலக, அதன் இடத்துக்கு சேனல் வி வந்தது.

பார்த்ததை மறுபடி கேட்கக் கேசட் வேண்டும். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால் வெற்றுக் கேசட்டில் பதிந்து தருவது அன்றைய ஊர் வழக்கம். கடைக்காரர்களிடம் இருந்த ஆங்கில இசை பெரும்பாலும் ஜாக்சன், போனி எம், ஆபா என்ற அளவில் நின்றது. மற்றவை சென்னையிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்த யாரோ ஒருவரின் கேசட்டைப் பிரதி எடுத்தவை. இதில் ஒரு கணக்கு இருந்தது. சி-90 கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். ‘நெவர்மைண்ட்’ ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டுகளும் ஏறத்தாழ 43 நிமிடம். ஒரு பக்கத்தில் கச்சிதமாக அடங்கும். ‘டென்’ 53 நிமிடம். ஒரு பக்கத்தில் ஏற்றினால் வால் அறுந்துபோகும். சுமார் 70 நிமிடம் ஓடும் ‘சூப்பர்அன்னோன்’ முழுக் கேசட்டையும் விழுங்கிவிடும். நிர்வாணாவின் புகழ் இங்கே மற்றவற்றை முந்தியதில் இந்தச் சிக்கனத்துக்கும் பங்கு இருந்திருக்கலாம். பாட்டு வரிகள் அச்சிட்ட உள்தாள் பிரதிக் கேசட்டோடு வருவதில்லை. ஆனால் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் வார்த்தைகளைக் குதப்பிப் பாடியது அமெரிக்கர்களுக்கே பிடிபடவில்லை என்பதால், மதுரைக் கேட்பவர் இதில் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை.

ராக் வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களையும் எட்டியது ஆர்.இ.எம். குழுவின் ‘லூசிங் மை ரிலிஜன்’ (1991). அதன் காணொளியை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங்; அது அவ்வாண்டு எம்டிவியின் சிறந்த காணொளி விருதைப் பெற்றது. மேல்நாட்டுச் சமய ஓவியக் காட்சிகளோடு இந்துத் தெய்வ உருவங்களும் அதில் அசையாக் காட்சிகளாக வருகின்றன. சிவகாசிக் காலண்டர் தொங்கும் சுவரின் எதிரே வளர்ந்தவர்களுக்கு அந்தச் சட்டகங்கள் அயலாகத் தோன்ற வழியில்லை. பாட்டின் முதன்மைக் கருவி மாண்டலின். யு. ஸ்ரீநிவாஸ் அதைக் கர்நாடகக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தி அப்போது பத்தாண்டு ஆகியிருந்தது.

1993 நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் நிர்வாணா பெரும்பாலும் மின்னொலி தவிர்த்து வாசித்த நிகழ்ச்சி, கோபேன் 1994 ஏப்ரலில் இறந்தபின் ஆல்பமாக வந்தது. சாதா கிடார் மட்டுமே வைத்திருந்தவர்களும் வாசித்துப் பார்க்கக்கூடிய கிரஞ்ச் அதுதான்.

இசையமைப்பு

புதிதாகக் கேட்பவருக்கு முதலில் இரைச்சலாகப் படுவது, கிடார் ஒலியை வேண்டுமென்றே சிதைக்கும் டிஸ்டார்ஷன். இப்படிச் சிதைத்த ஒலியில் மூன்று, நான்கு சுரம் சேர்ந்த கார்டு குழம்பிவிடும். எனவே இக்குழுக்கள் ஆதார சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து அடித்தன. கர்நாடக இசைக் கணக்கில் இது ச, ப. பல பாட்டுகளில் கிடாரின் கீழ்த்தந்தியை ஒரு சுரம் தளர்த்தி டி-க்கு இறக்குவர். அப்போது கீழ் மூன்று தந்திகளும் ச-ப-ச என அமைந்து, தம்புராவைப் போல அடியில் ஓயாமல் முழங்கும். ஒரே விரலைக் குறுக்கே வைத்து முழுக் கார்டையும் நகர்த்தலாம். சவுண்ட்கார்டனின் ‘சூப்பர்அன்னோன்’ ஆல்பத்தில் வரும் ‘பிளாக் ஹோல் சன்’ இப்படி அமைந்ததே. அதே ஆல்பத்தின் ‘ஸ்பூன்மேன்’ பெரும்பகுதியும் ஏழு எண்ணிக்கையில் ஓடுவது; மிஸ்ர சாபுவில் தொடை தட்டப் பழகியவருக்கு அது இடறாது.

தாழ்ந்த குரலில் பல்லவிக்கு முன்பகுதி, பல்லவியில் திடீர் வெடிப்பு, மீண்டும் அடக்கம் என்ற அமைப்பை நிர்வாணா பாஸ்டனின் பிக்ஸீஸ் குழுவிடமிருந்து எடுத்துக்கொண்டது. கோபேனே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். புகழ்பெற்ற பாட்டில் தொடங்கி ஆல்பத்துக்கும், ஆல்பத்திலிருந்து முன்னோடிகளுக்கும் பின்னோக்கிப் போவதே இங்குள்ள கேட்பவர்களின் பொதுவான வழி.

இந்திய, தமிழ்த் தொடர்புகள்

சவுண்ட்கார்டனின் கிடார்க் கலைஞர் கிம் தாயில் கேரளத்திலிருந்து சென்ற பெற்றோருக்கு 1960இல் சியாட்டிலில் பிறந்தவர். அவர் வாசிப்பில் நின்று ஒலிக்கும் தொனிக்கு இந்திய இசையே காரணம் என்று சிலர் கருதுவர். அவர் வளர்ந்தது சிகாகோ அருகே, மேல்நாட்டு ராக் கேட்டு, என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். பேர்ல் ஜாமின் எட்டி வெட்டர், ‘டெட் மேன் வாக்கிங்’ படத்துக்காகக் கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் ஃபதே அலி கானோடு பாடினார்.

நேரடித் தமிழ்த் தொடர்பு மாதங்கி அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சில காலம் சென்னையிலும் வளர்ந்த இவர், பிரிட்டனின் மாற்று ராக் குழுவான எலாஸ்டிகாவுக்காக 2000இல் வந்த ஆல்பத்தின் அட்டையை வடிவமைத்தார். அக்குழுவின் பயணத்தைப் படம்பிடிக்கப் போன இடத்தில்தான் தாளக்கருவி இயந்திரம் ஒன்று அவருக்கு அறிமுகமாயிற்று. எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2007இல் அவர் வெளியிட்ட ‘கலா’ ஆல்பத்தில் தமிழ்நாட்டு உறுமி ஒலிக்கிறது. ஒலி ராக் அல்ல. துணிச்சல் ராக்கிலிருந்து வந்தது எனலாம்.

சினிமாவும் அரசரடியும்

‘ரோஜா’ படத்துக்கு இசையமைக்கும் முன் ஏ.ஆர். ரகுமான் சென்னையில் ரூட்ஸ், நெமிசிஸ் அவென்யூ ஆகிய குழுக்களில் இருந்தவர். அவர் இசையமைத்த ‘காதல் தேசம்’ (1996) பாட்டுகளை ராக் என்று கொள்வோரும், ராக் உடை அணிந்த சினிமாப் பாட்டு என்போரும் உண்டு. ‘பாய்ஸ்’ (2003) ஓர் இசைக்குழுவையே கதையாக்கியது. யுவன் சங்கர் ராஜாவின் ‘துள்ளுவதோ இளமை’, ‘7ஜி ரெயின்போ காலனி’ காலத்துக்குள் டிஸ்டார்ஷன் கிடார் டீக்கடை ஸ்பீக்கரிலும் யாரையும் திரும்பிப் பார்க்க வைக்காத ஒலியாகிவிட்டது.

சந்தை ஒதுக்கிய ஒலியை மேடையேற்றும் முயற்சி மதுரையில் வேறொரு வடிவில் நடந்தது. அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு (1940–2005), பரட்டை என்ற பெயரில் நாட்டார் மெட்டில் வழிபாட்டுப் பாடல்கள் இயற்றி, பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அக்கல்லூரியில் இயங்கிய தலித் ஆதார மையம் கலை விழாக்கள் நடத்தியது. 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானா, பறை, ராப், ராக் எல்லாவற்றையும் ஒரே மேடையில் சேர்த்தது. இதை மதுரை முயற்சியின் தொடர்ச்சியாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனினும் அதன் உடனடி ஊற்று வடசென்னைக் கானாவும் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தின் அமைப்பும்தான்.

1997க்குப் பின்

எம்பி3 குறுந்தட்டும் பிரவுசிங் சென்டரும் கேசட்டின் இடத்தைப் பிடித்தன. சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங், திருச்சியின் ஃபெஸ்டம்பர் ஆகிய கல்லூரி விழாக்களின் ராக் மேடைகள் தென் மாவட்ட மாணவர்களையும் ஈர்த்தன. ஆயினும் 2009இல் சாரங்கின் தலைமைக் குழுவாக வந்தது ஸ்வீடனின் மெட்டல் குழுவான ஓப்பெத். கேரளத்தின் அவியல் குழு 2008இல் மலையாளத்தில் மாற்று ராக் ஆல்பம் வெளியிட்டது. தமிழில் குரங்கன் போன்ற சென்னைக் குழுக்கள் 2010களில் வந்தன.

2016இல் ஜியோவும் 2019இல் ஸ்பாட்டிஃபையும் வந்தபின் பெரும்பாலான ஆல்பங்கள் கைப்பேசியில் முழுதாகக் கிடைக்கின்றன. சவுண்ட்கார்டன் 2025இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.