இம்பாலாவைக் காப்பாற்றிய டீசல் இன்ஜின்

ஒரகடம் ரோட்டில், புது கார்களை ஏற்றிய ட்ரெய்லருக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான முதல் சான்ட்ரோவின் நீளம் சுமார் 3.5 மீட்டர். 1959 ஷெவர்லே இம்பாலா? 5.3 மீட்டருக்கு மேல!

அவ்வளவு பெரிய அமெரிக்க வண்டி இங்கே எப்படி வந்தது? ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேயே பம்பாயில் ஷெவர்லே கார்களை அசெம்பிள் செய்தது. இங்கேயே முழுசா தயாரிக்கணும்னு அரசு சொன்னதும், 1954-ல் கிளம்பிடுச்சு. இறக்குமதிக்கும் கடும் கட்டுப்பாடு. அப்புறம் ஒரு முக்கியமான வழி, தூதரக அதிகாரிகள் விட்டுப்போன கார்கள். அரசின் எஸ்.டி.சி. ஏலம் விடும், சினிமாக்காரர்களும் முதலாளிகளும் எடுப்பாங்க. காசு இருந்தாலும் சுலபமா கிடைக்காது. மவுசே அதுதான்.

1973-ல் எண்ணெய் விலை எகிறியது. பெட்ரோல் குடிக்கும் வி8 இன்ஜின், ஸ்பேரும் கிடைக்காது. பலர் அதைக் கழட்டிட்டு டீசல் இன்ஜினை ஏத்தினாங்க. காயலான் கடைக்குப் போகாம பல கார்கள் தப்பிச்சது அப்படித்தான்.

இப்போ ட்விஸ்ட். 2021 மத்திய அரசு விதிப்படி, 50 வயசு தாண்டிய காரை வின்டேஜ்னு பதிஞ்சு 'வி.ஏ.' நம்பர் பிளேட் வாங்கலாம். ஆனா இன்ஜினிலோ சேஸிஸிலோ பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அன்னைக்கு உயிர் கொடுத்த டீசல் இன்ஜினே இன்னைக்குத் தடை.

தாத்தா வீட்டு ஷெட்டில் அப்படி ஒரு கார் நின்னா, விலை பேசுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து பாருங்க. மூலையில் பழைய இன்ஜின் கிடந்தா, இரும்பு விலைக்குப் போட்டுடாதீங்க.