கண்டீரவாவில் இருந்து முடிகண்டம் வரை

லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங் பற்றி ஒரு பதிவு போடுங்க என்று நண்பர் ஒருவர் ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டே இருக்கிறார். அவருக்கு சைக்கிள் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஹெல்மெட்டும் பளபள டவுசருமாக லிங்கராஜபுரம் மேம்பாலம் ஏறி ஹெண்ணூர் பக்கம் போகும் கூட்டத்தில் அவரும் ஒருவர். 2005 வாக்கில் எங்கள் அலுவலகத்திலும் பாதிப் பேர் கையில் ஆர்ம்ஸ்ட்ராங்கின் அந்த மஞ்சள் ரப்பர் வளையம் இருந்தது. புற்றுநோயை ஜெயித்து, டூர் டி பிரான்ஸை ஏழு முறை ஜெயித்த மனுஷன். யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் அவரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் என் மனசு பிரான்ஸுக்குப் போக மாட்டேன் என்கிறது. இங்கே பக்கத்தில் கண்டீரவா ஸ்டேடியத்துக்கும், அங்கிருந்து எங்கள் திருச்சிப் பக்கம் முடிகண்டத்துக்கும்தான் போகிறது. ஆகவே சைக்கிள் நண்பர் மன்னிக்கவும். இது ஓட்டக்காரப் பெண்களைப் பற்றிய பதிவு.

2010 அக்டோபர் 12, டெல்லி காமன்வெல்த் விளையாட்டு. அந்த விளையாட்டைப் பற்றி அதுவரை வந்ததெல்லாம் ஊழல், இடிந்த நடைபாலம், அழுக்கான வீரர் குடியிருப்பு என்று மானம்போகிற செய்திகள். 1958-இல் மில்கா சிங் வாங்கிய தங்கத்துக்குப் பிறகு காமன்வெல்த் தடகளத்தில் நமக்குத் தங்கமே கிடையாது. முந்தின நாள்தான் வட்டு எறிதலில் கிருஷ்ணா பூனியா அந்த வறட்சியை முடித்து வைத்திருந்தார். மறுநாள் பெண்கள் 4x400 தொடர் ஓட்டம். மஞ்சீத் கவுர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கவுர். நேரு ஸ்டேடியமே எழுந்து நிற்க, நைஜீரியாவையும் இங்கிலாந்தையும் பின்னால் தள்ளித் தங்கம்! நவம்பரில் குவாங்சோ ஆசிய விளையாட்டிலும் அதே நால்வருக்கு அதே தங்கம். அஸ்வினிக்குக் கூடுதலாக 400 மீட்டர் தடை ஓட்டத் தங்கமும் கிடைத்தது.

அஸ்வினி கர்நாடகப் பெண். உடுப்பி மாவட்டத்தில் சித்தாபுரா பக்கம் ஜன்சாலே என்கிற கிராமம், விவசாயக் குடும்பம். அந்த டிசம்பரில் பெங்களூர்க் கன்னடப் பேப்பர்களைத் திறந்தால் அவர் முகம்தான். கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் என்னைப் போன்றவர்களுக்குக்கூட "சின்னத ஹுடுகி" என்கிற இரண்டு வார்த்தை மனப்பாடம் ஆகிவிட்டது. தங்கப் பெண் என்று அர்த்தம்.

எட்டே மாதம்.

2011 ஜூன் கடைசியில் செய்தி கசிய ஆரம்பித்தது. முதலில் சினி ஜோஸ், ஜவுனா முர்மு. பிறகு டியானா மேரி தாமஸ், மன்தீப் கவுர். ஜூலை 5 வாக்கில் அஸ்வினி, பிரியங்கா பன்வார். பட்டியாலா பயிற்சி முகாமில் எடுத்த சாம்பிள்கள் பாதி என்றால், ஜூன் மாதம் இதே பெங்களூர் கண்டீரவாவில் நடந்த மாநிலங்களுக்கு இடையிலான போட்டியில் எடுத்தவையும் அதில் உண்டு. தங்கம் வாங்கிய நால்வரில் மஞ்சீத் மட்டுமே பட்டியலில் இல்லை. ஜப்பானில் ஆசியச் சாம்பியன்ஷிப் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது அஸ்வினியை அணியிலிருந்து எடுத்தார்கள்.

சிக்கியது பெரும்பாலும் மெதான்டியனோன். 1958-இல் சீபா கம்பெனி டயனபால் என்ற பெயரில் விற்க ஆரம்பித்த பழைய சரக்கு. தசை வளர்க்கும் ஸ்டீராய்டு. 400 மீட்டர் ஓடுகிறவருக்கு எதற்குத் தசை என்று கேட்கலாம். விஷயம் தசை மட்டும் இல்லை. இன்றைக்கு உயிர் போகப் பயிற்சி செய்த உடம்பு நாளைக்கே மறுபடி தயாராக இருக்க வேண்டும். அந்த இடைவெளியைத்தான் இந்த மருந்து குறைக்கிறது. கண்டுபிடிப்பதும் சுலபம், பல வருடமாக எல்லா லேபுக்கும் தெரிந்த மருந்து. திட்டம் போட்டு ஏமாற்றுகிறவர்கள் தொடுகிற மருந்து இது இல்லை என்று அப்போது சிலர் வாதாடினார்கள். யோசிக்க வேண்டிய வாதம்தான்.

பெண்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: கோச் கொடுத்த ஜின்செங் மாத்திரையைச் சாப்பிட்டோம். உக்ரைன்காரர் யூரி ஒகரோட்னிக். முகாமுக்கு வரவேண்டிய ஊட்டச்சத்து மாத்திரை தீர்ந்துபோனதால் சீனாவில் வாங்கிவந்தது என்றார்கள். அமைச்சர் அஜய் மக்கன் ஒரே நாளில் அவரை வேலையைவிட்டுத் தூக்கினார். நீதிபதி முகுல் முத்கல் தலைமையில் விசாரணை வைத்தார். டிவிக்காரர்கள் பட்டியாலா முகாமுக்கு வெளியே மருந்துக் கடைகளில் ரகசியக் கேமராவோடு சுற்றினார்கள். ஒரு மாதம் நாடே ஊக்கமருந்து நிபுணர் ஆனது.

அப்புறம்? டிசம்பரில் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, பெரிய கவனக்குறைவு இல்லை என்று சொல்லி இரண்டு வருடத் தடையை ஒரு வருடமாகக் குறைத்தது. சர்வதேசத் தடகளச் சங்கம் விடவில்லை. சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2012 ஜூலையில், லண்டன் ஒலிம்பிக்ஸுக்குச் சில நாள் முன்னால், மறுபடி இரண்டு வருடம் என்று தீர்ப்பு வந்தது. அனுபவமுள்ள வீராங்கனைகள் கோச் நீட்டியதை விசாரிக்காமல் வாயில் போட்டுக்கொண்டால் அதைச் சின்னக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது என்பது மன்றத்தின் கருத்து. சட்டப்படி இதில் தப்பு சொல்ல எனக்கு இடமில்லை. உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீயே பொறுப்பு என்ற விதி இல்லாவிட்டால் ஆளாளுக்கு ஒரு கோச்சைக் கை காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். 2010 தங்கங்கள் மட்டும் அவர்களிடமே இருக்கின்றன. அப்போதைய சாம்பிள்களில் எதுவும் சிக்கவில்லை.

எனக்கு வயிறு எரிவது வேறு இடத்தில். அந்த ஒகரோட்னிக் 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்பே திரும்பி வந்துவிட்டார்! அதே பெண்கள் 400 மீட்டர் அணிக்கு அதே கோச். ஒரு மாதம் நாடே கொதித்தது எல்லாம் எங்கே போயிற்று? அஸ்வினி பெயரைக் கூகுளில் தட்டினால் இன்றைக்கும் பக்கத்திலேயே ஊக்கமருந்து என்று வருகிறது. கோச் பெயரைத் தட்டுகிறவர் யாரும் இல்லை. (ஒரு நியாயத்துக்காக இதையும் சொல்லிவிடுகிறேன்: அந்த அறுவரில் பிரியங்கா பன்வார் 2016-இல் மறுபடி சிக்கி எட்டு வருடத் தடை வாங்கினார். எல்லோரையும் ஒரே தராசில் அப்பாவி என்று வைக்கவும் முடியாது.)

இங்கேதான் சைக்கிள்காரர்கள் ஞாபகம் வருகிறார்கள். 1998 ஜூலை 8 அன்று ஃபெஸ்டினா அணியின் உதவியாளர் வில்லி வோட் கார் நிறைய மருந்தோடு பிரான்ஸ் எல்லையில் மாட்டினார். போலீஸ் ஹோட்டல் ஹோட்டலாகப் புகுந்தது. அணியே டூரிலிருந்து வெளியேற்றப்பட்டது. 2000-இல் லீல் நகரக் கோர்ட்டில் நடந்த வழக்கில் தண்டனை வாங்கியவர்கள் அணி மேலாளர் புரூனோ ரூசெல், உதவியாளர் வோட் முதலியோர். அந்த அமளியின் விளைவாக 1999-இல் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையே பிறந்தது. ஆர்ம்ஸ்ட்ராங் விஷயத்திலும் அப்படித்தான். 2012 அக்டோபரில் அமெரிக்க அமைப்பின் அறிக்கை வந்த ஒரே வாரத்தில் நைக்கி கழன்றுகொண்டது. 17 வருடம் அணி நடத்திய ரபோபேங்க், இந்த விளையாட்டு சுத்தமாகும் என்று நம்பிக்கை இல்லை என்று விலகியது. அவருடைய மேலாளர் யோஹான் புரூய்னீலுக்கு 2018-இல் ஆயுள் தடை. சைக்கிள் உலகம் சுத்தமாகிவிட்டது என்று சொல்லவில்லை. ஆனால் வண்டி ஓட்டியவனோடு சேர்த்து, பின்னால் காரில் உட்கார்ந்து வந்தவனையும் இறக்கினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். கோமதி மாரிமுத்து. திருச்சிக்குப் பக்கத்தில் முடிகண்டம். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம் என்பதால் கொஞ்சம் சொந்தம் கொண்டாடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலை பார்த்தது இங்கே பெங்களூரில், வருமான வரித்துறையில். பிழைப்புக்காக ஊரைவிட்டு இங்கே வந்த எங்கள் ஜாதி. 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசியச் சாம்பியன்ஷிப். 800 மீட்டர், 2 நிமிடம் 2.70 விநாடி, தங்கம். வயது 30. மறுநாள் காலை லிங்கராஜபுரம் டீக்கடையில் தமிழ்ப் பேப்பர் கைமாறிக்கொண்டே இருந்தது. "நம்ம திருச்சிப் பொண்ணுங்க" என்று நானே மூன்று பேரிடம் சொன்னேன்.

காலுக்கு ஒன்றாக ஜோடி சேராத ஷூ போட்டு ஓடிய படம் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் வந்தது. தான் ஓடுவதற்குச் சோறு வேண்டும் என்று அப்பா மாட்டுக்கு வைத்திருந்ததைச் சாப்பிட்டார் என்று கோமதி சொன்னதைக் கேட்டு அழாதவர் இல்லை. அந்த அப்பா 2016-இலேயே இறந்துவிட்டார். தேர்தல் நேரம் வேறு. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசுத்தொகை அறிவித்தன. சால்வை மேல் சால்வை.

ஒரே மாதம். மே மாதம் செய்தி வந்தது, நாண்ட்ரலோன். 2020 ஜூனில் தீர்ப்பு: 2019 மே 17 முதல் நான்கு வருடத் தடை, மார்ச் 18-க்குப் பிறகான முடிவுகள் எல்லாம் ரத்து. தோஹா தங்கம் சீனாவின் வாங் சுன்யூவுக்குப் போனது.

அந்த மார்ச் 18-ஐக் கவனியுங்கள். பட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையில் எடுத்த முதல் சாம்பிளின் தேதி அது. அதிலேயே மருந்து இருந்தது. தோஹா ஓட்டம் நடந்தது ஐந்து வாரம் கழித்து. டெல்லி லேப் முடிவு நேரத்துக்கு வந்திருந்தால் கோமதி விமானமே ஏறியிருக்க மாட்டார். தங்கமும் இல்லை, சால்வையும் இல்லை, தங்கத்தைப் பிடுங்கிய அவமானமும் இல்லை. அதே 2019 ஆகஸ்டில் தரம் போதவில்லை என்று அந்த லேபின் அங்கீகாரத்தை உலக முகமை நிறுத்தி வைத்தது. திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில்.

லேப் முடிவை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் எனக்குத் தயக்கம் உண்டு. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய சுனிதா ராணிக்கும் இதே நாண்ட்ரலோன் என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அப்போது இந்தியத் தரப்பு விடாமல் போராடியது. சியோல் லேபில் குளறுபடி என்று தெரிந்து 2003-இல் பதக்கம் திரும்பி வந்தது. கோமதி விஷயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட சாம்பிள்கள் ஒரே பதிலைச் சொன்னதால் அந்த வழியும் இல்லை. ஆனால் கவனித்த வேறுபாடு ஒன்று: சுனிதாவுக்காகப் பேச ஆள் இருந்தது. கோமதிக்குச் சால்வை போட்டவர்களில் ஒருவரையும் மே மாதத்துக்குப் பிறகு காணோம்.

அதே டீக்கடையில் தீர்ப்பு வந்த சமயம் பேச்சு எடுத்தேன். "ஏமாத்துக்காரி சார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் பக்கத்தில் இருந்தவர். தோஹா அன்று அவர்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தவர்.

கோமதி தெரிந்து எடுத்தாரா தெரியாமல் எடுத்தாரா என்று தீர்ப்பு சொல்ல நான் யாருமில்லை. தடை நியாயமானதே. ஆனால் 30 வயதில் ஒரு பெண் திடீரென்று வேகம் எடுக்கும்போது கூட இருந்த பயிற்சிக் கூட்டம், சங்கம், முகாம் டாக்டர் எல்லோருக்கும் கண் இருந்திருக்குமே! 2022-இல் இன்னொரு திருச்சிப் பெண், தனலட்சுமி சேகர், பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கு முன் சிக்கி மூன்று வருடத் தடை வாங்கினார். அதே வருடம் கர்நாடகத்தின் பூவம்மாவுக்கு இரண்டு வருடம். உலக முகமையின் 2023 கணக்குப்படி இந்தியாவில் சோதித்த 5,606 சாம்பிள்களில் 214-இல் மருந்து. ஐயாயிரத்துக்கு மேல் சோதித்த நாடுகளில் இதுதான் அதிகபட்ச விகிதம்.

அதே 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டி. கழிப்பறையில் ஊசிகள் கிடக்கும் வீடியோ வெளிவந்தது. மறுநாள் சோதனை அதிகாரிகள் ஸ்டேடியத்துக்கு வந்ததுமே பாதிப் பேர் மாயம். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் கோட்டில் வந்து நின்றது ஒரே ஒரு பையன். துப்பாக்கி வெடிக்க, அவன் தனியாகவே ஓடி முடித்தான்.