எச்ச உறுப்புகள்: கருத்தும் வரலாறும்

ஓர் உயிரினத்தின் முன்னோரிடம் முழு வளர்ச்சியுடன் இயங்கி, இன்று குறுகிப்போய், தன் பழைய முதன்மைப் பணியை இழந்துவிட்ட உறுப்பு எச்ச உறுப்பு எனப்படும். மனிதரின் குடல்வால், மலைப்பாம்பின் பின்னங்கால் எச்சம், திமிங்கிலத்தின் இடுப்பெலும்பு, ஆண் பப்பாளிப் பூவின் வளராத சூலகம் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். தேர்வு விடைகளில் மாணவர்கள் இவற்றைப் "பயனற்ற உறுப்புகள்" என்று எழுதிவிடுவது வழக்கம். இக்கருத்து வளர்ந்த வரலாற்றைப் பார்த்தால் அந்த விளக்கம் எவ்வளவு தவறானது என்பது விளங்கும்.

தொடக்கக் குறிப்புகள்

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், மண்ணுக்குள் வாழும் குருட்டு விலங்கொன்றின் தோலை உரித்தால் உள்ளே கண்கள் இருப்பதைக் காணலாம் என்று எழுதினார். பார்க்காத விலங்குக்குக் கண் எதற்கு என்ற கேள்வி அன்றே எழுந்துவிட்டது. 1809இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாமார்க், பயன்படுத்தாத உறுப்பு தலைமுறை தலைமுறையாகக் குறுகும் என விளக்கம் தந்தார். குறுகிய உறுப்புகளை அவர் சரியாகவே கண்டார். ஆனால் ஒருவர் வாழ்நாளில் பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்குச் செல்லும் என்ற அவரது கருத்தைப் பிற்கால மரபியல் ஏற்கவில்லை.

டார்வினின் விளக்கம்

சார்லஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட "உயிரினங்களின் தோற்றம்" நூலில் இவ்வுறுப்புகளுக்குத் தனி இடம் அளித்தார். சொல்லில் எழுதப்பட்டாலும் ஒலிக்கப்படாத எழுத்துகளுக்கு அவற்றை ஒப்பிட்டார். ஆங்கிலத்தில் கத்தியைக் குறிக்கும் "நைஃப்" என்ற சொல் "கே" என்னும் எழுத்தில் தொடங்குகிறது. இன்று அது ஒலிப்பதில்லை. ஆனால் அச்சொல் முன்பு எப்படி ஒலித்தது என்பதற்கு அந்த எழுத்தே சான்று. அதுபோல எச்ச உறுப்பும் உயிரினத்தின் முன்னோரைக் காட்டும்.

1871இல் வெளிவந்த "மனிதனின் தோற்றம்" நூலில் காதசைக்கும் தசைகள், வால் எலும்பு, குடல்வால், கண்ணின் உள்மூலையில் உள்ள இளஞ்சிவப்பு மடிப்பு ஆகியவற்றை அவர் எடுத்துக்காட்டினார். அந்த மடிப்பு, கோழியின் கண்ணில் குறுக்கே வந்து மூடும் மூன்றாம் இமையின் எச்சம்.

இரண்டு பணிகள் செய்யும் உறுப்பு, முதன்மையான பணியை இழந்த பிறகும் மற்றொன்றை நன்றாகச் செய்யக்கூடும் என்று டார்வின் 1859ஆம் ஆண்டு நூலிலேயே எழுதியிருந்தார். பின்வந்தோர் பலர் இதை மறந்தனர்.

நீண்டுபோன பட்டியல்

ஜெர்மானிய உடற்கூறியலாளர் ராபர்ட் வீடர்ஸ்ஹைம் 1893இல் மனித உடலில் 86 எச்ச உறுப்புகளைப் பட்டியலிட்டார். 1925இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்ததற்காக ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது வழக்கு நடந்தது. அதில் விலங்கியலாளர் ஒருவர் அளித்த அறிக்கையில் இந்த எண்ணிக்கை 180 ஆகியிருந்தது. பணி தெரியாத உறுப்பும் பணி இல்லாத உறுப்பும் ஒன்றாகக் கருதப்பட்டதே இந்தப் பட்டியல்களின் குறை.

மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி இதற்கு நல்ல சான்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதன் பணி யாருக்கும் தெரியாது. குழந்தைப் பருவத்தில் அது பெரிதாக இருப்பது இயல்பு. அதை நோயென்று எண்ணிய மருத்துவர்கள், சுரப்பியைச் சுருக்கப் பல குழந்தைகளுக்கு எக்ஸ் கதிர் செலுத்தினர். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது 1950இல் சுட்டிக்காட்டப்பட்டது. 1961இல் ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிகளால் நோயை எதிர்க்க முடியவில்லை என்று காட்டினார். நோய் எதிர்ப்புச் செல்கள் பக்குவமடையும் இடம் அதுவே என்பது பிறகு உறுதியானது. தைமஸ் எச்ச உறுப்பே அன்று.

எச்சமும் பயனும்

மேலே சொன்னவற்றில் பல உண்மையான எச்சங்களே. ஆயினும் அவற்றுக்கும் சிறு பணிகள் உண்டு. வால் எலும்பில் இடுப்பின் அடித்தளத் தசைகள் பற்றியுள்ளன. ஆண் மலைப்பாம்பு தன் கால் எச்சத்தை இணைசேரும்போது பயன்படுத்துகிறது. திமிங்கிலத்தின் இடுப்பெலும்பு, இனப்பெருக்க உறுப்பை இயக்கும் தசைகளுக்குப் பற்றிடமாக உள்ளது. குடல்வால், நல்ல பாக்டீரியாக்கள் தங்கியிருக்கும் புகலிடமாகலாம் என 2007இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருத்துரைத்தனர். இதைப் படித்து, குடல்வால் அழற்சிக்கு அறுவை வேண்டாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. குடல்வால் அகற்றப்பட்டவர்கள் இயல்பாகவே வாழ்கின்றனர்.

தாவரங்களில்

மாம்பூவில் பெரும்பாலும் ஒரே ஒரு மகரந்தத்தாள்தான் வளமானது. மற்றவை குறுகிய மலட்டுத் தாள்கள். மஞ்சள், இஞ்சிப் பூக்களிலும் வளமான மகரந்தத்தாள் ஒன்றே. ஆனால் அங்கே மலட்டுத் தாள்கள் இணைந்து, பூச்சிகளை ஈர்க்கும் இதழ் போன்ற உதடாக மாறியுள்ளன. ஒரே வகை உறுப்பு ஓரிடத்தில் குறுகியும் மற்றோரிடத்தில் புதுப் பணி ஏற்றும் இருப்பதை இங்கு காணலாம். ஆண் பப்பாளி சில வேளைகளில் காய்ப்பதற்கும் அதன் பூவில் எஞ்சியுள்ள சூலகமே காரணம்.

மரபணுவில்

எச்சங்கள் கண்ணுக்குத் தெரியும் உறுப்புகளாகவே இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலான பாலூட்டிகள் வைட்டமின் சி-யைத் தம் உடலிலேயே தயாரிக்கின்றன. மனிதரிடமும் அதற்கான மரபணு உள்ளது. ஆனால் அது சிதைந்து செயலற்றுவிட்டது. கப்பலில் மாதக்கணக்கில் காய்கனி இல்லாமல் சென்ற மாலுமிகள் ஸ்கர்வி நோயால் இறந்ததன் அடிப்படைக் காரணம் இதுவே. குரங்குகள், மனிதக் குரங்குகள் பலவற்றிலும் இதே மரபணு செயலற்றிருப்பது, நம் பொது மூதாதைக்குச் சான்றாகிறது.

எப்படி அறிவது?

உறவுள்ள உயிரினங்களில் அதே இடத்தில், அதே அமைப்பில் வளர்ந்த உறுப்பு இருக்க வேண்டும். நம்மிடம் அது குறுகி, முதன்மைப் பணியை இழந்திருக்க வேண்டும். பிற பயன் ஏதும் உண்டா என்பது வேறு கேள்வி. எனவே மாணவர்கள் "பயனற்ற உறுப்பு" என்று எழுதாமல், "முன்னோரிடம் செய்த முதன்மைப் பணியை இழந்து குறுகிய உறுப்பு" என்று எழுதுவதே சரியான விடை.